ஒன்பது பூஜ்யங்கள்

கடந்த இரண்டு வாரங்களில்
எத்தனை நாள் என்று கேட்கிறது தாள்.
எத்தனை நாள் தூக்கம் வரவில்லை,
எத்தனை நாள் சாப்பாடு இறங்கவில்லை,
எத்தனை நாள்
இல்லாமலே போய்விடலாம் என்று தோன்றியது.
எட்டாம் வகுப்பு உல்சிபாத்
ஒன்பது கேள்விக்கும் பூஜ்யத்தைச் சுழித்திருந்தான்.
வட்டங்கள் அச்சடித்ததுபோல் அழகு.
பிழையே இல்லாத தாளைப் பார்த்தால்
கணக்கு வாத்தியாருக்கு ஒரு சந்தேகம் வருமே,
எனக்கும் வந்தது.
வந்ததை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு
அடுத்த தாளை எடுத்தேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். நான் ஒருத்தி.
சமூகப் பணியாளர் என்று கதவில் எழுதியிருக்கிறது;
கதவுக்குப் பின்னால் பாதி அறை
விடுதியின் உருளைக்கிழங்கு மூட்டைகள்.

கான்காய் மலைக்குப் பின்னால் இந்த வருடம்
பனி உருகி மறுபடி இரும்பாய் இறுகியது.
புல் அடியிலேயே இருந்தது,
வாய்தான் எட்டவில்லை.
அவன் அப்பாவிடம் அறுநூறு ஆடுகள்.
பிப்ரவரியில் நாற்பத்தொன்று.
தொலைபேசியில் நாற்பத்தொன்று என்று மட்டும் சொல்லிவிட்டு
"சிக்னல் போய்விட்டது" என்றாராம்.
போனால் எப்படிச் சொல்லமுடியும் என்று
விடுதிப் பையன்கள் சிரித்தார்கள்.
அவனும் சிரித்தான்.

வியாழக்கிழமை இரவு
விடுதிக் காப்பாளர் நர்மந்தாக் தேநீரோடு வந்து
நல்ல செய்தி என்றாள்.
உல்சிபாத் திருந்திவிட்டானாம்.
நூலகப் புத்தகத்தைத் திருப்பிவிட்டான்.
கடைக்காரியிடம் எண்ணூறு துக்ரிக் பாக்கியை அடைத்துவிட்டான்.
கம்பளிக் கையுறை அடுத்த கட்டில் பையனுக்கு.
விளையாட்டு எலும்புப் பை
முதல் வகுப்புக் கான்சோரிக்குக்கு,
"நூற்றெட்டும் முழுசாக!"

ஆட்டின் கணுக்கால் எலும்பு.
உருட்டினால் குதிரை, ஒட்டகம்,
செம்மறி, வெள்ளாடு என்று நான்கு முகம் விழும்.
எங்கள் பக்கத்துப் பையன்கள்
பல்லைக்கூடக் கழற்றித் தருவார்கள்,
எலும்பைத் தரமாட்டார்கள்.

கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.
வைத்த இடத்தில் மேசை இல்லை.

கடன் அடைத்தவன், பாக்கி தீர்த்தவன்,
பதினான்கு வயதில்
யாருக்கும் எதுவும் தரவேண்டியிராதவன்.
தாள் கேட்கத்தான் செய்தது.
தாளிடம் யார் சொல்வார்கள்?

கொதிகலன் அறையில் கரி அள்ளிக்கொண்டிருந்தான்.
பயிற்சியில் கொடுத்த பக்குவமான வாக்கியங்கள்
முற்றத்தைக் கடப்பதற்குள் உறைந்துபோயிருந்தன.
"செத்துப்போகலாம் என்று நினைக்கிறாயா?"
கரிக்காரர் கலன் கதவை மூட மறந்தார்.
கேட்டால் நாமே விதைத்ததாகிவிடும் என்பார் தலைமையாசிரியர்.
முளைத்துவிட்டதைத்தான் ஐயா கேட்டேன்.

வெகுநேரம் நெருப்பைப் பார்த்தான்.
"ஒரு வாய் குறையும்."
அவ்வளவுதான்.
நாற்பத்தொரு ஆட்டுக்கு
ஐந்து பேர் அதிகம் என்று
கணக்குப் போட்டு வைத்திருக்கிறான்,
வகுப்பில் பின்னம் வராதவன்.

மாகாணத்துக்கு ஒரே மனநல மருத்துவர்.
நூற்றெண்பது கிலோமீட்டர். கணவாய் மூடியிருக்கிறது.
தொலைபேசியில் அவர் கேட்கக் கேட்க
இவன் மூன்று "ம்" சொன்னான்.
மூன்றும் ஒரே "ம்" அல்ல.
பிறகு அப்பாவைப் பிடித்தோம்.
இந்த முறை சிக்னல் போகவில்லை,
அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.
குதிரைக்குச் சேணம் போடுகிறேன் என்றார்.
குதிரை மிச்சமிருக்கிறதா என்று
நான் கேட்கவில்லை.

மருந்துப் பெட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு
அவன் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில்
என் மெத்தையை விரித்தேன்.
இழுப்பறையில் இன்னும் எத்தனை பூஜ்யங்கள்
அழகாகச் சுழித்துக் கிடக்கின்றனவோ,
காலையில் எல்லாவற்றையும் மறுபடி வாசிக்கவேண்டும்.

நள்ளிரவில் சின்னக் காலடி.
கான்சோரிக், கையில் பை.
எண்ணத் தெரிந்த நாளிலிருந்து
எண்ணுவதே வேலை அவனுக்கு.
"அண்ணா, நூற்றேழுதான் இருக்கு.
ஒன்று உன்னிடமா?"

பதில் வரவில்லை.
ஒன்றை மட்டும் தராமல் வைத்துக்கொண்ட ஒருவன்
புரண்டு புரண்டு படுக்கும் சத்தத்தை
விடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.